சிவப்புப் பொட்டு வைத்த படம்

பல் டாக்டர் விரலை எடுத்தபோது அந்தச் சிவப்புப் பொட்டு சுவரில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. படத்துக்கு வலது பக்கம், பெயர்ச்சீட்டுக்குக் கொஞ்சம் கீழே. கலைச் சந்தைக்கு வருகிறவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். இந்தப் படம் விற்றுவிட்டது, நடையைக் கட்டுங்கள்.

பொட்டை ஒட்ட வேண்டியவர் அந்த ஸ்டாலுக்குச் சொந்தக்கார அம்மையார். அவரைக் காணோம். மேசை மேல் பொட்டுத் தாள் மட்டும் கிடந்தது. வாங்க வந்தவனே பொட்டு ஒட்டிக்கொள்வது, பல் பிடுங்கிக்கொள்ள வந்தவன் டாக்டர் கையிலிருந்து குறடை வாங்கிக்கொள்வது மாதிரி. பிடிபட்டால் நுழைவு அட்டையைப் பறித்துக்கொள்வார்கள். விஷயம் பரவிவிட்டால் எந்த ஊர்ச் சந்தையிலும் தலை காட்ட முடியாது.

எல்லாம் தெரிந்துதான் ஒட்டினார். ஏனென்றால் இரண்டு ஸ்டால் தள்ளிக் குடைக்காரர் வந்துகொண்டிருந்தார்.

குடைக் கம்பெனி முதலாளி. பதினோரு வருடமாக டாக்டர் கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஊர் ஊராகக் கலைச் சந்தைகளுக்குப் போய்வருகிறார். எந்த ஊரிலும் அவர் கடற்கரையைப் பார்த்ததில்லை, கடைத்தெருவைப் பார்த்ததில்லை. எந்த ஊரில் எந்தப் படத்தைக் குடைக்காரரிடம் பறிகொடுத்தார் என்பதை வைத்துத்தான் ஊர்களை ஞாபகம் வைத்திருந்தார். பிடித்த படத்தைப் பார்ப்பார், யோசிப்பார், ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பி வருவார். அதற்குள் குடைக்காரர் அங்கே கைகுலுக்கிக்கொண்டிருப்பார்.

இந்தத் தடவை அது நடக்கக் கூடாது. வீடு, கிளினிக் இரண்டிலும் சேர்த்துக் காலியாக மிச்சமிருந்தது ஹாலில் ஒரே ஒரு சுவர். மனைவி கணக்கு டீச்சர். கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். இதுதான் கடைசிப் படம். வாங்கும் முன் ஃபோட்டோ அனுப்பி அவர் சம்மதத்தைப் பெற வேண்டும். வெறுங்கையோடு திரும்பினால் அந்தச் சுவரில் அவருடைய அண்ணனின் கல்யாண ஃபோட்டோ ஆள் உயரத்துக்கு ஏறும். மச்சானை வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் பார்ப்பதே டாக்டருக்கு அதிகம்.

படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மேசை, அதன்மேல் பாதி தண்ணீரோடு ஒரு டம்ளர், அந்தத் தண்ணீரில் கொஞ்சம் வெயில். வாய் கொப்பளிக்க ஆயிரக்கணக்கான டம்ளர்களை நீட்டியவர் டாக்டர். ஒன்றில்கூட இப்படி வெயில் இறங்கி அவர் பார்த்ததில்லை. முன்னால் நின்றவருக்கு இந்தத் தடவை காபி குடிக்கப் போகத் தோன்றவில்லை.

அரங்குக்குள் சிக்னல் கிடையாது. வாசலுக்கு ஓடி ஃபோட்டோ அனுப்பினார். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. டம்ளர் பரவாயில்லையாம், வாங்கிக்கொள்ளலாமாம், இந்த ஒன்றுதானாம்.

மூச்சிரைக்கத் திரும்பினார். அம்மையார் மேசைக்கு வந்திருந்தார். வெள்ளை முடி, மூக்கின் நுனியில் கண்ணாடி.

"மேடம், அந்த டம்ளர் படம் எனக்கு வேணும்."

அம்மையார் திரும்பிப் பொட்டைப் பார்த்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"அடடா. அது வித்துப்போச்சே டாக்டர்."

டாக்டருக்கு வியர்த்தது. யார் வாங்கியது என்று மெல்லக் கேட்டார். பெயர் சொல்ல முடியாது, வெளிநாட்டுக்காரர், ரொம்பப் பெரிய கை என்று அம்மையார் குரலைத் தாழ்த்தினார்.

அப்படி ஒரு ஆளே கிடையாது என்பது உலகத்தில் டாக்டர் ஒருவருக்குத்தான் தெரியும். அதை எப்படித் தெரியும் என்று மட்டும் சொல்ல முடியாது. தெரியாமல் ஒட்டப்பட்ட பொட்டுக்கு இந்த அம்மா கௌரவத்துக்காக ஒரு வெளிநாட்டுக்காரரைப் பெற்றுப்போட்டிருக்கிறார் என்று புரிந்துகொண்டார். பாவமாகக்கூட இருந்தது.

ஆதாரத்தை அழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அம்மையார் தண்ணீர் பாட்டில் எடுக்கக் குனிந்த நேரத்தில் டாக்டர் நகத்தால் பொட்டைச் சுரண்டினார். பொட்டு வந்தது. கூடவே சுவரின் பெயின்ட்டும் காரையும் ஒரு கட்டைவிரல் அளவுக்குப் பெயர்ந்து வந்தன.

வாயிலிருந்த சூயிங்கத்தை எடுத்துக் குழியில் அடைத்தார். தேய்த்து மட்டம் செய்தார். மேலே பொட்டைத் திரும்ப ஒட்டினார். இருபத்தெட்டு வருட அனுபவத்தில் அவர் அடைத்த படுமோசமான குழி அதுதான். பொட்டு இப்போது சுவரிலிருந்து புடைத்துக்கொண்டு, முன்னைவிட எடுப்பாக, இன்னும் இரண்டு படத்தை விற்றது போலத் தெரிந்தது.

அந்த எடுப்புதான் குடைக்காரரை உள்ளே இழுத்தது.

"என்ன டாக்டரே, இதையும் கோட்டை விட்டுட்டீங்களா?" என்று தோளில் தட்டினார். படத்தைப் பார்த்தார். பொட்டு இல்லாதிருந்தால் தாண்டிப் போயிருப்பார். யாரோ வாங்கிவிட்டார்கள் என்றதும் அவர் முகம் மாறியது. யாருக்கோ அவ்வளவு அவசரமாக வேண்டியிருந்த டம்ளரில் ஏதோ இருக்கத்தான் வேண்டும். வெளிநாட்டுக்காரர் விட்டுக்கொடுத்தால் அடுத்தது தான்தான் என்று சொல்லி, அம்மையாரின் நோட்டில் தன் பெயரை எழுதவைத்தார்.

ஆக, இல்லாத ஆள் விலகினாலும் படம் இனிக் குடைக்காரருக்கு. வரிசையில் முதல் இடத்தில் தானே நின்றுகொண்டிருந்தும் டாக்டர் மூன்றாவது ஆளாகிவிட்டார்.

அம்மையாரைத் தனியாக ஓர் ஓரத்துக்கு அழைத்துப் போனார். தான் எத்தனை வருடமாக அலைகிறவர் என்று சொன்னார். சுவரைப் பற்றிச் சொன்னார். மச்சானின் ஃபோட்டோவைப் பற்றிக்கூடச் சொன்னார்.

அம்மையார் மனம் இளகிய மாதிரிதான் இருந்தது. அந்த வெளிநாட்டுக்காரரிடம் பேசிப் பார்ப்பதாக ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். இல்லாத ஆளோடு அவர் கால் மணி நேரம் பேசினார். வரும்போது முகத்தில் களைப்பு.

"மனுஷன் கரைஞ்சுட்டார். ஆனா படம் வரைஞ்சவருக்கு ஒரு கொள்கை இருக்கு டாக்டர். ஒரே ஒரு படத்தை எடுத்துட்டுப் போறவங்களுக்கு அவர் குடுக்கறதில்ல. அவரோட வேலையை முழுசா மதிக்கிறவங்களுக்குத்தான்."

"முழுசான்னா?"

அம்மையார் ஸ்டால் மூலையைக் காட்டினார்.

அங்கே அதே ஓவியர் செய்த ஓர் இரும்புச் சிற்பம் நின்றது. மாடிப்படியில் உருண்டு விழுந்த கட்டில் எழுந்து நிற்க முயன்று பாதியில் மனம் மாறிய மாதிரி இருந்தது. பெயர் 'மௌனம் – 4'. நகர்த்த நான்கு ஆள் வேண்டும். மற்ற மூன்று மௌனங்கள் எங்கே என்று கேட்கும் தைரியம் டாக்டருக்கு வரவில்லை.

"குடைக்காரர் சார்கிட்டயும் சொல்லிட்டேன்," என்றார் அம்மையார். "அவர் யோசிக்கிறார்."

குடைக்காரர் நிஜமாகவே சிற்பத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஒரு கம்பியைத் தட்டிக்கூடப் பார்த்தார். பதினோரு வருடத்தில் யோசிக்கிற குடைக்காரரை டாக்டர் பார்த்தது இதுதான் முதல் தடவை. அவர் யோசித்து முடிப்பதற்குள் முந்திக்கொள்ள வேண்டும்.

அம்மையார் நீட்டிய காகிதத்தில் டாக்டர் கையெழுத்துப் போட்டார். இரும்பைக் கிடங்கில் போடக் கூடாது, வீட்டு ஹாலில்தான் நிறுத்த வேண்டும், ஐந்து வருடத்துக்கு நகர்த்தக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துக் காய்ந்த பிறகுதான் ஹாலை மனதுக்குள் அளந்து பார்த்தார். அந்த இரும்பை நிறுத்த ஒரே இடம்தான் இருந்தது. அந்தச் சுவருக்கு நேர் முன்னால்.

குடைக்காரர் கைகுலுக்கிவிட்டுப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் முகத்தில் தோல்வி. டாக்டருக்கு அது போதும்.

வாசலுக்குப் போய் மனைவியைக் கூப்பிட்டார்.

"வாங்கியாச்சு. கூடவே இன்னொண்ணும் வருது."

"ஒண்ணுதானே சொன்னேன். அது என்ன, சின்னதா?"

"நம்ம ஃபிரிட்ஜை விடக் கொஞ்சம்தான் பெரிசு."

மறுமுனையில் சத்தமே இல்லை. டாக்டர் அதற்கு மனதுக்குள் 'மௌனம் – 5' என்று பெயர் வைத்தார்.

"எங்கண்ணன் ஃபோட்டோ இவ்வளவு பெரிசில்லையே," என்றார் டீச்சர் கடைசியில். "சரி, வந்து சேருங்க. துணி காயப்போட உதவுமான்னு பாக்கறேன்."

சாயங்காலம் பேக்கிங் செய்கிற ஆள் வந்தார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு டம்ளர் படத்தைக் குழந்தையைத் துண்டில் சுற்றுவது போலச் சுற்றினார். டாக்டர் பக்கத்திலேயே நின்று ரசித்தார். பதினோரு வருடத்துக்கு அப்புறம் கிடைத்த வெற்றியை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அம்மையார் தூரத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

டாக்டர் குனிந்து ரகசியமாகச் சொன்னார். "உங்க மேடம்கிட்ட சொல்லிடாதீங்க. அந்த வெளிநாட்டுக்காரர்னு யாருமே கிடையாது. பொட்டை ஒட்டினதே நான்தான்."

பேக்கிங் ஆள் கயிற்றின் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"தெரியும் சார். நீங்க ஒட்டறப்போ நானும் மேடமும் இந்தத் தடுப்புக்குப் பின்னாடி டீ குடிச்சுக்கிட்டே இடுக்கு வழியா பாத்துக்கிட்டுதான் இருந்தோம். மூணு வருஷமா அந்த இரும்பை ஊர் ஊரா தூக்கிட்டு அலையறோம், சீண்ட ஆளில்ல. நீங்க பொட்டை வெச்சுட்டு வாசல் பக்கம் ஓடினீங்க பாருங்க, அப்பவே மேடம் சொல்லிட்டாங்க, 'இரும்புக்கு வீடு கிடைச்சுடுச்சு'ன்னு."