தகவலாளர் ஆ

ஐம்பத்தாறாவது வயதில் மறுபடியும் மாணவன் ஆவது என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்த அன்றே மனைவியிடம் சொன்னேன். அது முதல் தப்பு. எல்லாவற்றையும் சொல்லாமல் விட்டது இரண்டாவது தப்பு. இரண்டாவதுதான் பெரிசு.

நான் ஸ்டெல்லன். வட சுவீடனில் ஒரு சின்ன நகராட்சி. அதில் கட்டட அனுமதிப் பிரிவில் இருபத்தொன்பது வருஷமாக நாற்காலி தேய்த்தவன். இந்த ஊரில் யார் கார் கொட்டகை கட்டினாலும் என் கையெழுத்து வேண்டும். அந்த அதிகாரமெல்லாம் என் வீட்டு வாசலோடு சரி. உள்ளே சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் மரீத்தாவின் அனுமதி வேண்டும். மனு போட்டால் பெரும்பாலும் நிராகரிப்புதான்.

எங்கள் நாட்டில் எல்லாரும் எல்லாரையும் ‘நீ’ என்றுதான் கூப்பிடுகிறோம், மேலதிகாரி உட்பட. அதனால் மனைவி எந்த நிமிஷத்திலிருந்து மரியாதை இல்லாமல் பேச ஆரம்பித்தாள் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

“என்ன படிப்பு?” என்றாள் மரீத்தா.

“பொது நிர்வாகம். முதுகலை. வேலையில இருக்கற அரசு ஊழியர்களுக்குன்னே வச்சிருக்காங்க. மாசத்துக்கு ரெண்டு நாள் போனாப் போதும்.”

“நிர்வாகம் பண்ணக் கத்துக்கப் போறியா? அப்ப இருபத்தொன்பது வருஷமா என்ன பண்ணிட்டு இருந்த?”

“அனுபவம் வேற, படிப்பு வேற. பட்டம் இருந்தாத்தான் துறைத் தலைவர் பதவிக்கு மனு போட முடியும்.”

“போடு, போடு. அதுக்கு முன்னாடி உன் காலுறை டிராயரை ஒரு தடவை நிர்வாகம் பண்ணிட்டுப் போ.”

முதல் வருஷம் எப்படியோ ஓடியது. புள்ளியியலில் ஒரு தடவை தோற்றேன். வீட்டில் ‘பாஸ்’ என்றேன். இரண்டாம் தடவை உண்மையாகவே பாஸ் செய்தபோது அதைச் சொல்லிச் சந்தோஷப்பட முடியாமல் போயிற்று.

இரண்டாம் வருஷம் ஆய்வேடு. என் வழிகாட்டியின் பெயர் ஹெட்விக். என்னைவிட இருபது வயது சின்னவள். “உன் நகராட்சியிலேயே உனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு பிரச்சினையை எடு,” என்றாள்.

எனக்கு நன்றாகத் தெரிந்த பிரச்சினை எது? ஹோல்ம்விக் கிளை நூலகம். ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். பழைய பால் பண்ணைக் கட்டடம். வாரத்தில் ஐந்து நாள் திறந்திருக்கும். ஊழியர் ஒரே ஒருவர். இருபத்தெட்டு வருஷமாக அந்த ஒருவர் மரீத்தா.

எவ்வளவு வசதி பாருங்கள்! மற்ற மாணவர்கள் தகவலுக்காக ஊர் ஊராக அலைகிறார்கள். எனக்குத் தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் தகவலே வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, உருளைக்கிழங்கு உரிக்க உட்காரும்.

“இன்னிக்கு நாலே பேரு,” என்பாள். “அதுல ரெண்டு பேரு கழிப்பறைக்கு வந்தவங்க.”

“ஓ,” என்பேன். உடனே எழுந்து கழிப்பறைக்குப் போய், கதவைத் தாழிட்டு, நோட்டில் எழுதிக்கொள்வேன். திரும்பி வந்து உட்காருவேன்.

“போன குளிர்காலத்துல வந்த அந்த டீச்சரம்மா இறந்துட்டாங்க. அவங்க எடுத்துட்டுப் போன புஸ்தகத்தை மகன் தபால்ல அனுப்பியிருக்கான். ஒரு வரி எழுதல.”

மறுபடியும் கழிப்பறை.

“உன் வயித்துக்கு என்னதான் ஆச்சு?” என்று ஒருநாள் கேட்டாள். வயிற்றுக்கு நல்லது என்று அன்றிலிருந்து தினமும் புளூபெர்ரி சூப் காய்ச்சிக் கொடுத்தாள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஊதா நிறத்தில் ஒரு பெரிய கிண்ணம். ஆராய்ச்சிக்காக நான் குடித்த சூப்பில் ஒரு படகு விடலாம்.

அவளிடம் தலைப்பைச் சொல்லவில்லை. சைக்கிள் ஸ்டாண்டுகளைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லி வைத்தேன். ஏனென்றால் என் ஆய்வேட்டின் முடிவு ஒரே வரி: ஹோல்ம்விக் நூலகத்தை மூடிவிடலாம். துறைத் தலைவர் ஆக வேண்டுமென்றால் இப்படி ஏதாவது ஒன்றைத் தைரியமாக மூடிக் காட்ட வேண்டும். அந்த நூலகம் போனால் மரீத்தாவுக்கு உயிரே போய்விடும் என்று எனக்குத் தெரியும். மனசு உறுத்தவில்லையா என்று கேட்பீர்கள். உறுத்தியது. அதற்கும் சேர்த்துத்தான் சூப் குடித்தேன்.

ஏட்டில் இரண்டே தகவலாளர்கள். ‘அ’ என்பவர் அந்த நூலகத்துக்கு வந்துபோகும் ஓய்வுபெற்ற தபால்காரர். ‘ஆ’ என் மனைவி. முப்பத்தொன்றாம் பக்கத்தில் ‘ஆ’ சொல்கிறார்: “சில நாள் யாருமே வருவதில்லை. சாயங்காலம் கதவைப் பூட்டும்போதுதான் காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று தெரியும். குரல் இருக்கிறதா என்று பார்க்க, எதையாவது சத்தமாக வாசிப்பேன்.” இதற்குக் கீழே நான் எழுதினேன்: ‘இந்த நூலக அலகின் குறைந்த பயன்பாட்டை இது உறுதி செய்கிறது.’

எழுதிவிட்டு, நல்ல வரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கடவுளே.

ஏட்டைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய மறு வாரம் ஹெட்விக்கிடமிருந்து மெயில். யாரோ என் ஆய்வேட்டின் பிரதியைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்! எங்கள் சட்டம் அப்படி. அரசு அலுவலகம் ஒன்றுக்குள் நுழைந்த தாளை, ரகசியம் என்று முத்திரை இல்லாவிட்டால், யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். நீ யார், எதற்கு என்று அதிகாரி வாயைத் திறக்கக் கூடாது. அரசுப் பல்கலைக்கழகமும் இதில் அடக்கம்.

சாப்பாட்டு மேஜையில் என்னால் அடக்க முடியவில்லை.

“என் ஏட்டை யாரோ கேட்டு வாங்கியிருக்காங்க.”

“யாரு?”

“அதைக் கேக்கக் கூடாது. சட்டம்.”

“அடேயப்பா! சைக்கிள் ஸ்டாண்டு மேல அவ்வளவு ஆர்வமா?”

“நாட்டுல சிந்திக்கறவங்க இன்னும் இருக்காங்க, மரீத்தா.”

“இருக்காங்க. சமையலறையிலகூட இருக்காங்க.”

என்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து அடக்கமாகச் சிரித்துவைத்தேன்.

பத்து நாளில் இரண்டாவது மெயில். என் புள்ளியியல் விடைத்தாள்களைக் கேட்டிருக்கிறார்கள். தோற்றது, தேறியது, இரண்டையும். என் அறிவு வளர்ந்த விதத்தை யாரோ ஆராய்கிறார்கள் என்று நினைத்தேன். நகராட்சி இயக்குநராக இருக்குமோ? கண்ணாடி முன் நின்று துறைத் தலைவர் மாதிரி தலையாட்டிப் பார்த்தேன்.

மூன்றாவது மெயிலில் வியர்த்துவிட்டது. தகவலாளர்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவங்களைக் கேட்டிருக்கிறார்கள். தபால்காரர் கையெழுத்துப் போட்டிருந்தார். ‘ஆ’விடம் எப்படிக் கேட்பது?

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த முதல் மெயில் வந்த வாரத்திலிருந்து மரீத்தா நூலகத்தைப் பற்றிப் பேசுவதையே நிறுத்தியிருந்தாள். உப்பு வேணுமா, போதுமா, அவ்வளவுதான். எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுந்து எழுந்து போக வேண்டியதில்லை. வயிறு சரியாகிவிட்டது என்று நான் சொன்னதும் சூப்பையும் நிறுத்தினாள்.

மே மாதம் ஆய்வேட்டு விவாதம். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். “வராதே, ரெண்டு மணி நேரமும் சைக்கிளா இருக்கும், தூங்கிடுவ,” என்று சொல்லிவிட்டு விடிகாலை ரயிலில் கிளம்பினேன். பேசுவதற்கு எழுந்து நின்றால், நாலாவது வரிசையில் மரீத்தாவின் நீல மழைக்கோட்டு. மடியில் என் ஏடு. ஓரமெல்லாம் மஞ்சள் சீட்டு.

ஹெட்விக், “பார்வையாளர்கள் யாராவது கேக்கணுமா?” என்றாள். நீல மழைக்கோட்டு கையைத் தூக்கியது.

“முப்பத்தொண்ணாம் பக்கம். தகவலாளர் ஆ. இந்தப் பேட்டி எங்க நடந்தது?”

“வந்து... பணியிடத்துக்கு வெளியே.”

“வெளியேன்னா?”

“சமையலறையில.”

“அவங்க அப்ப என்ன பண்ணிட்டு இருந்தாங்க?”

“உருளைக்கிழங்கு... உரிச்சிட்டு இருந்தாங்க.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

“பேட்டின்னு அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“குரல் இருக்கான்னு வாசிச்சுப் பாக்கறேன்னு அவங்க சொன்னாங்களே, அதுக்குப் பேட்டி எடுத்தவர் என்ன பதில் சொன்னார்? ஏட்டுல அது இல்ல.”

தண்ணீரை எடுத்துக் குடித்தேன். “ஒண்ணும் சொல்லல. எழுந்து கழிப்பறைக்குப் போயிட்டார்.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. “நன்றி, அவ்வளவுதான்,” என்று மரீத்தா உட்கார்ந்தாள். இரண்டு வாரத்துக்குள் ‘ஆ’வின் கையெழுத்து வர வேண்டும், இல்லாவிட்டால் ‘ஆ’ சொன்னதையெல்லாம் நீக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. நீக்கினால் மிஞ்சுவது அட்டையும் தபால்காரரும்தான்.

திரும்பும் ரயிலில் அவள் பக்கத்தில் இடம் இருந்தது. போதாத காலம், அது அமைதிப் பெட்டி. பேசக் கூடாது, போன் கூடாது. முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையின் பெரிய சண்டையைக் கிசுகிசுப்பாகவே போட வேண்டியிருந்தது.

“மன்னிச்சுடு, மரீத்தா.”

அவள் பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றினாள். வழக்கம் போல முதல் கோப்பை எனக்கு. பிறகு ஹெட்விக்கிடம் வாங்கி வந்திருந்த சம்மதப் படிவத்தைப் பையிலிருந்து எடுத்து, முழங்கால்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

“இந்தா. துறைத் தலைவர் ஆகு.”

நான் கெட்டவனாக இருக்கலாம், ஆனால் கல் இல்லை. அவளுடைய இருபத்தெட்டு வருஷத்தை என் ஒரு பட்டத்துக்காக விற்றுவிடுவேனா? படிவத்தை இரண்டாகக் கிழித்தேன். நாலாகக் கிழித்தேன். எட்டாகக் கிழித்தபோது எதிர் சீட்டுக்காரர் ‘உஷ்’ என்றார்.

“ஏன் கிழிச்ச?”

“எனக்குப் பட்டமும் வேண்டாம், பதவியும் வேண்டாம். இந்த ஏடு செத்துப் போகட்டும். உன் நூலகத்தை இனி எவனும் மூட முடியாது!”

சொல்லி முடித்ததும் உடம்பே லேசாக இருந்தது. பல மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தேன். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

“நூலகத்தை ஜூன்ல மூடறாங்க, ஸ்டெல்லன். மார்ச்லயே நூலகக் கமிட்டி முடிவு பண்ணியாச்சு.”

“என் ஏட்டைப் பாத்துட்டா முடிவு பண்ணாங்க?”

“உன் ஏட்டை யாரு பாத்தா? நான்தான் பாத்தேன். மூடிடுங்கன்னு நானே எழுதிக் குடுத்தேன். போன அக்டோபர்ல.”

“அக்டோபரா? நான் ஆரம்பிச்சதே நவம்பர்ல!”

“தெரியும்.”

“இவ்வளவு பெரிய விஷயம்... ஏன் எங்கிட்ட சொல்லல?”

“தினம் சொல்லிட்டுத்தானே இருந்தேன்.”

கிழித்த துண்டுகள் மடியில் கிடந்தன. ஒட்டிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், அந்த நேரத்திலும். வெட்கமாக இருந்தது.

“அந்தக் கடிதத்துல என்ன எழுதின, மரீத்தா?”

அவள் கோப்பையைத் துடைத்துப் பிளாஸ்கை மூடினாள்.

“நகராட்சிப் பதிவேட்டுல இருக்கு. போய்க் கேளு, குடுப்பாங்க. நீ யாருன்னு கேக்க மாட்டாங்க.”