கிணற்று அரண்மனைக்குத் தடையில்லாச் சான்று மறுப்பு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, ஓய்வுபெற்ற தீயணைப்பு ஆய்வாளரும் தங்கள் மருமகளைப் பெற்றவனுமாகிய நான் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது.

இங்கே அனைவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் உத்தியோகத்தில் இருந்தவன் தெரிந்தே பொய்த் தகவல் தரக் கூடாது. ஆகவே உள்ளபடி எழுதுகிறேன்: நான் அவ்வளவு சுகமில்லை, என் மனைவி எப்போதும் இல்லாத அளவுக்குச் சுகம். தாங்களும் சம்பந்தி அம்மாவும் அங்கே குறைவின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தாங்கள் பார்சலில் அனுப்பிய இரண்டு புத்தகங்களும், கூடவே வைத்திருந்த கடிதமும் கிடைத்தன. நம் மாப்பிள்ளை சிமெண்ட் கம்பெனி வேலையை விட்டுவிட்டு விளையாட்டுப் புத்தகம் எழுத உட்கார்ந்ததிலிருந்து தாங்கள் சரியாகத் தூங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நம் பெண்ணும் அதற்குத் தலையாட்டிவிட்டாள் என்பதில் எனக்கும் வருத்தம்தான். "காலமெல்லாம் தியேட்டரையும் துணிக்கடையையும் சுற்றிப் பார்த்து, தகுதியற்றது என்று எழுதியவர் நீங்கள். இதையும் பார்த்து அதே வார்த்தையை எழுதி அனுப்புங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டான், மாமனார் சொன்னால் தட்ட மாட்டான்" என்று கேட்டிருந்தீர்கள். தீர்ப்பு முதலிலும் ஆய்வு பிறகும் வருவது நம்மைப் போன்றவர்களுக்குப் புதிதல்ல. ஆனாலும் பார்க்காமலே எழுதிவிட்டான் என்ற பேச்சு எனக்கு ஆகாது. அதனால் பார்த்துவிட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அங்கே ஆரம்பித்தது வினை.

முதலில் விதிநூல். கையில் எடுத்தால் செங்கல், மடியில் வைத்தால் தொடை மரத்துப்போகிறது. விளையாட்டு என்னவென்றால், நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, "நான் இதைச் செய்கிறேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் வைத்த ஒரு பகடையை உருட்டித் தெரிந்துகொள்ள வேண்டும். பலகை இல்லை, காய் இல்லை, ஜெயித்தவன் தோற்றவன் இல்லை. கதையைச் சொல்லி, வழியில் வருகிற பூதம், ராஜா, கழுதை எல்லாருக்கும் குரல் கொடுக்க ஒருவர் வேண்டும். அவருக்கு மாப்பிள்ளை வைத்திருக்கும் பெயர் 'நடத்துநர்'. ஒரு மாவட்டத்தையே நடுங்க வைத்தவனுக்கு, ஓய்வு பெற்றபின் பஸ் கண்டக்டர் உத்தியோகம். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் முதல் பக்கத்திலேயே, "இந்நூலில் உள்ள எந்த விதி பிடிக்கவில்லை என்றாலும் விட்டுவிடலாம்" என்று அச்சடித்திருக்கிறார், சம்பந்தி! விதி என்று ஒன்றை எழுதிவிட்டு அதை விட்டுவிடலாம் என்று எழுதுவதற்கு எதற்கு விதி? எல்லாத் தியேட்டர்காரனும் காலங்காலமாக என்னிடம் கேட்ட சலுகை இதுதானே? போதாக்குறைக்கு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அறிவுக்கு ஒரு மதிப்பெண், விவேகத்துக்குத் தனியாக ஒரு மதிப்பெண். இரண்டும் ஒன்றுதானே, ஏன் தாளை வீணாக்குகிறார் என்று சத்தமாகவே சொன்னேன். உள்ளேயிருந்து என் மனைவி, "ரெண்டும் வேற வேறன்னு கல்யாணம் ஆன வாரமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

அடுத்தது, அந்த விதிகளை வைத்து ஆட வேண்டிய கதையைச் சொல்லும் 'கிணற்றுக்குள் ராஜா' என்ற சாகசநூல். யார் சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளாத ஒரு ராஜாவை அவருடைய மந்திரிகளே மயக்கி, பாழுங்கிணற்றுக்கு அடியில் உள்ள அரண்மனையில் அடைத்துவிடுகிறார்கள். விளையாடுகிறவர்கள் கயிற்றில் இறங்கி, காவலுக்கு இருக்கும் டிராகனைச் சமாளித்து, ராஜாவை மேலே தூக்கி வந்தால் நாடு செழிக்கும். வரைபடத்தைப் பார்த்ததும் எனக்கு மயக்கம் வந்தது. அவ்வளவு பெரிய அரண்மனைக்கு ஒரே வாசல், அதுவும் ஒரு கயிறு. கதவுகள் அத்தனையும் உட்பக்கமாகத் திறக்கின்றன. நெருப்பு கக்கும் பிராணி கட்டிக்கிடக்கும் கூடத்தில் தரை வரை தொங்கும் பட்டுத் திரை. ஒரு மணல் வாளி? பேச்சே இல்லை. சிவப்பு மையால் ஓரமெல்லாம் குறிப்பு எழுதி, 'தகுதியற்றது' என்று முடிக்கப்போகும் நேரத்தில் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். "படித்து மதிப்பிடாதீர்கள், விளையாடி மதிப்பிடுங்கள்" என்று போட்டிருந்தார். எனக்கென்றே போட்டது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆள் சேர்த்தேன். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டான என் தம்பி. மாடி வீட்டுப் பல் டாக்டர். மூன்றாவதற்கு வேறு ஆள் அகப்படாததால் என் மனைவி. "வா, நீயும் ஒரு பாத்திரம் எடுத்துக்கோ" என்றேன். "காலையிலேர்ந்து பாத்திரத்தோடதானே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் அவளுக்குச் சமையல்காரி பாத்திரத்தைக் கொடுத்தேன். அவள் அதைத் தம்பியிடம் தள்ளிவிட்டு வாளேந்திய வீராங்கனையை எடுத்துக்கொண்டாள்.

உருட்டிய முதல் பகடை ஃபிரிட்ஜுக்கு அடியில் போயிற்று. டாக்டர் ஆர்வத்தில் ஃபிரிட்ஜை இழுத்தார்; மேலே இருந்த கண்ணாடிக் குவளை விழுந்து நொறுங்கியது; பகடை வரவில்லை, போன வருடம் காணாமல் போன என் மூக்குக்கண்ணாடி வந்தது. ஒருவழியாகத் துடைப்பக்குச்சியால் பகடையையும் எடுத்து எல்லாரையும் கிணற்றில் இறக்கி, டிராகன் கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். இத்தனை வருட அனுபவத்தையும் திரட்டி ஒரு தீ விபத்தை விவரிக்கலாம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோது என் தம்பி டிராகனிடம், "சார், உங்களுக்குன்னு குடும்பம் இருக்கா?" என்று ஆரம்பித்தான். பகடை உருட்டச் சொன்னேன். இருபது விழுந்தது. இருபது விழுந்தால் எதுவும் பலிக்கும் என்பது விதி. டிராகன் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தது. தம்பியின் பாலிசிப் பேச்சு முதிர்வுத் தொகைக்கு வருவதற்குள் தூங்கிவிட்டது. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறதா என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்று சொன்னது என் தப்பு. கடைவாய்ப்பல் சொத்தை, அதனால்தான் இது இவ்வளவு கோபக்காரனாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, பிடுங்கியும்விட்டார். விழித்த டிராகன் அவர் கையை நக்கியது. ஒரு திரிகூட எரியவில்லை, சம்பந்தி. நான் வாயில் வைத்திருந்த நெருப்பு வாயிலேயே அணைந்தது.

போகட்டும், ராஜாவாவது நம் கையில் இருக்கிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "வீராங்கனையே, வந்தாயா! உடனே கயிற்றைக் கட்டு" என்று கம்பீரமாகச் சொன்னேன்.

"கட்டறேன். மேல வந்தா முதல் வேலையா என்ன பண்ணுவீங்க?" என்றாள் என் மனைவி.

புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. சொந்தமாகத்தான் சொன்னேன். "நாட்டைச் சுற்றிப் பார்ப்பேன். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று சோதிப்பேன். இல்லாததை மாற்றி வைப்பேன்."

"யாரக் கேட்டு மாத்துவீங்க?"

"ராஜா யாரைக் கேட்க வேண்டும்?"

அவள் பகடையைத் தம்பி பக்கம் தள்ளி வைத்தாள். பிறகு, "இவரு இங்கயே இருக்கட்டும்" என்றாள். "இவரு இல்லாம மேல ஒருத்தி இப்பத்தான் மூச்சு விட்டுக்கிட்டு இருப்பா. ஏறுங்க டாக்டர். தம்பி, நீங்களும் ஏறுங்க."

"கயிறு?" என்றேன். என் குரல் ராஜா குரலாக இல்லை.

"கயிறு எங்க கூட வருது."

டாக்டர் கூரையைப் பார்த்தார். தம்பி பகடையை எண்ணினான், இருந்ததே ஒன்று. தாங்கள் பெரியவர், தங்களிடம் மறைப்பானேன்: ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டில் சில பாதுகாப்பு மாற்றங்கள் செய்திருந்தேன். ஜன்னல் திரைகள் எளிதில் தீப்பிடிப்பவை என்று கழற்றினேன். அடுப்பைச் சுவரோரம் நகர்த்தினேன். உப்பு ஜாடி முதல் சகலத்தையும் அகர வரிசைப்படி அடுக்கினேன். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க நான் கிணற்றில் இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. மாடிப்படியில் டாக்டர், "ராஜா எப்படி இருக்கார் சார்?" என்பார். தம்பி போனில், "அண்ணே, தண்ணி கிண்ணி ஏறலியே?" என்பான். ஒரு விளையாட்டு ஒரு மனிதனை அவன் வீட்டிலேயே இப்படி உட்கார வைக்கலாமா? தாங்களே சொல்லுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் முன்னறிவிப்பின்றி மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து நின்றார்கள். மேஜைமேல் புத்தகமும் என் சிவப்பு மைக் குறிப்புகளும் திறந்தபடி. தாங்கள் இதை எனக்கு அனுப்பியது அவருக்குத் தெரியாதல்லவா? நான் பேப்பரைப் போட்டு மூடுவதற்குள் அவர் எடுத்துவிட்டார். தாங்கள் அறிவீர்கள், "சாப்பிட்டீங்களா மாமா" என்பதைத் தாண்டி அவர் என்னிடம் பேசியது கிடையாது. நின்றபடியே படித்தார், முகம் சிவந்தது.

"மாமா, கதவு வெளிப்பக்கம் திறக்கணும்னு எழுதியிருக்கீங்க. அது கிணத்துக்கு அடியில இருக்கு. வெளிப்பக்கம் தண்ணி!"

"தண்ணி இருந்தா நல்லதுதானே மாப்பிள்ளை? தீயை அணைக்கலாம்."

"உள்ள இருக்கிறவன் செத்துப்போவான் மாமா!"

"உங்க டிராகன்கிட்ட மட்டும் பிழைச்சிருப்பானா?"

இருவரும் குரலை உயர்த்திவிட்டோம். நம் பெண் ஒன்றும் புரியாமல் அம்மாவைப் பார்க்க, அவள், "இருக்கட்டும், இப்பவாவது பேசட்டும்" என்றாள். கதவுச் சண்டை ஓய்ந்து, நாங்கள் விளையாடிப் பார்த்ததைச் சொன்னதும், மாப்பிள்ளை மெதுவாக, "கடைசில ராஜாவ மீட்டீங்களா?" என்று கேட்டார். நான் சிவப்பு மைப் பேனாவுக்கு மூடி தேடினேன். என் மனைவிதான், "இல்ல மாப்பிள்ளை, விட்டுட்டு வந்துட்டோம்" என்றாள்.

"விட்டுட்டா? அப்படி வர முடியாதே அத்தை. புத்தகத்துல அதுக்கு இடமே இல்லையே."

"இடம் இல்லன்னா போடுங்க."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வீராங்கனை மறுபடி கிணற்றோரம் வந்தால் என்ன நடக்கும், பார்ப்போமா என்றார். நான் தொண்டையைச் செருமினேன். "ராஜா மாதிரி பேச வேண்டாம்" என்றாள் அவள். "கிணத்துல கிடக்கிற ஒரு ஆள் மாதிரி பேசுங்க."

"மேல எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு. ஜன்னலுக்குத் திரை மாட்டியாச்சு. உப்பு கைக்கு எட்டற இடத்துல இருக்கு."

"நான் வரலாமா?"

"வரலாம். வந்து எதையும் மாத்தக் கூடாது. மாத்தணும்னு தோணுச்சுன்னா கேக்கணும்."

"கேட்கிறேன்" என்றேன். அதற்கும் பகடை உருட்ட வேண்டும் என்றார் மாப்பிள்ளை. இந்த இடத்தில் மட்டும் அவருக்கு விதி ஞாபகம் வந்துவிட்டது. உருட்டினேன். ஒன்று விழுந்தது. அதைவிடக் கேவலமாக விழ முடியாது. எல்லாரும் என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் பகடையைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுதான் விழுந்திருக்கு, வழுக்கும். மெதுவா ஏறி வாங்க" என்றாள்.

"அத்தை, இத அப்படியே புத்தகத்துல சேர்த்துக்கட்டுமா?" என்றார் மாப்பிள்ளை. கண்ணில் ஏதோ தூசு விழுந்ததால் நான் எழுந்து போய்விட்டேன். அதன்பின் நடந்தது எனக்குத் தெரியாது.

ஆகவே, சம்பந்தி, விருப்பு வெறுப்பின்றி என் முடிவைத் தெரிவிக்கிறேன். விதிகளை மதிக்காத விதிநூல். வெளியேற வழியில்லாத அரண்மனை. தன் கடமையைச் செய்யாத டிராகன். குடும்பத் தலைவனைக் கிணற்றில் இறக்கிவிட்டுக் கேள்வி கேட்கும் கதை. இவ்விரு நூல்களும் எல்லா வகையிலும் தகுதியற்றவை. தடையில்லாச் சான்று மறுக்கப்படுகிறது. மாப்பிள்ளை சிமெண்ட்டுக்கே திரும்புவதுதான் உசிதம் என்பது என் திடமான அபிப்பிராயம். இதைத் தாங்கள் அவருக்குத் தாராளமாகப் படித்துக் காட்டலாம்.

தங்கள் வீட்டு விளக்கு என்றும் பத்திரமாக எரியட்டும். சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் இருவர் வணக்கமும். சின்னஞ்சிறுசுகள் நீண்ட நாள் ஒற்றுமையாக வாழ நம் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கு என்றும் கட்டுப்பட்ட சம்பந்தி

பின்குறிப்பு: சம்பந்தி அண்ணாவுக்கு வணக்கம். இது நான், அவர் மனைவி. எழுத்துப் பிழை இருக்கா பாருன்னு கடிதத்தை என்கிட்ட கொடுத்தார். எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. மத்தது எதையும் நம்பாதீங்க. நேத்து இவரேதான் மாப்பிள்ளைக்கு போன் போட்டு, "அடுத்த கதையில ஒரு தியேட்டர் பத்திக்கிற மாதிரி வைங்க, யார் யார் எந்த வழியா ஓடணும்னு நான் எழுதித் தரேன்"னு கெஞ்சிக்கிட்டு இருந்தார். குளிக்கிற அறையில டிராகன் குரல் பழகறார்; டாக்டர் பயந்து கீழே இறங்கி வந்துட்டார். அதனால மாப்பிள்ளையை சிமெண்ட்டுக்கு அனுப்பற பேச்சை விட்டுடுங்க.

இன்னொண்ணு. விதியெல்லாம் மாப்பிள்ளை எழுதினது. ஆனா அந்தக் கிணறும், யார் சொன்னதையும் கேக்காத அந்த ராஜாவும் அவர் எழுதினது இல்ல. சம்பந்தி அம்மா எழுதினது. காலையில போன்ல அவங்களே சொன்னாங்க. ராஜா யார் சாயல்னு கேட்டேன், சிரிச்சுட்டாங்க. அவரை அப்படியே கிணத்துல விட்டுட்டு ஏறி வந்துடலாம்னு எழுதும்போது அவங்களுக்குத் தோணவே இல்லையாம். நான் சொன்னதுலேர்ந்து அதையேதான் யோசிச்சுக்கிட்டு இருக்காங்களாம்.