மாடிக்குப் போகும் சூடு

இந்தக் குளிர்காலத்தில் வேர்க்காமல் தூங்குவது என்று நவம்பரில் சபதம் போட்டேன். மினசோட்டாவில், ஏரி உறைந்து அதன்மேல் லாரி ஓடும் ஊரில், ஒரு மனிதன் இப்படிச் சபதம் போடுகிறான் என்றால் அவனுக்குக் கல்யாணமாகிவிட்டது என்று அர்த்தம்.

என் மனைவி வெர்னாவுக்குக் குளிரும். ஜூலையிலும் குளிரும். எனக்கு எப்போதும் வேர்க்கும். நிலவறையில் இருக்கும் ஹீட்டர் சூடான காற்றை ஊத, அது தகரக் குழாய்களில் வீடு முழுக்கப் போகிறது. அதை ஆள்வது கூடத்துச் சுவரில் ஒரே ஒரு தெர்மோஸ்டாட்: தன்னைச் சுற்றிக் குளிர்ந்தால் ஹீட்டரை ஓடவிடும், நாம் வைத்த எண்ணுக்குச் சூடேறியதும் நிறுத்தும். அவள் ஏற்றுவாள், நான் இறக்குவேன். எங்கள் தாம்பத்தியத்தில் இருவரும் அதிகமாகத் தொட்டது அந்தப் பெட்டியைத்தான்.

ஆகவே டேம்பர் வாங்கினேன். குழாய்க்குள் ஒரு தகர மூடி, அதைத் திருப்ப வெளியே ஒரு மோட்டார், அவ்வளவுதான். மாடிக்குழாயில் ஒன்று, கீழ்க்குழாயில் ஒன்று. தளத்துக்கொரு தெர்மோஸ்டாட். எந்தத் தளம் சூடு கேட்கிறதோ, அதன் மூடி திறக்கும். தகரத்தை வெட்டி, கையையும் கொஞ்சம் வெட்டி, நானே மாட்டினேன்.

"வெர்னா, இனிமே மாடி உன் ராஜ்ஜியம். நீ வைக்கறதுதான் சட்டம்."

"நெஜமாவா ஹால்வர்? உனக்கு ரொம்பப் பெரிய மனசு."

என் மனசு அவ்வளவு பெரியதில்லை. நானும் மாடியில்தானே தூங்கியாக வேண்டும்! அவள் ராஜ்ஜியத்துச் சுவரில் நான் மாட்டியது வெறும் பொம்மை. பேட்டரி உண்டு, பளபளவென்று எண் மாறும், பின்னால் ஒயர் கிடையாது. நிஜமானதை மாடி நடையில் துண்டு வைக்கும் அலமாரிக்குள், துண்டுகளுக்குப் பின்னால் ஒளித்து, எண்ணைக் குறைத்து வைத்தேன். அந்த அலமாரியை யாரும் திறப்பதில்லை. கல்யாணமானதிலிருந்து நான் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை, அதனால் தெரியும்.

அன்று இரவு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே படுத்தாள். நான் கரடி மாதிரி தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது என் டேம்பர் புகழை நானே பாடினேன். பாதிரியாரின் மனைவி, சர்ச் ஹாலுக்கும் போட்டுத் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சரி என்றேன்.

அந்த வாரமே மாடி கொதித்தது. காலையில் எழுந்தால் பைஜாமாவைப் பிழியலாம்.

"நல்லா இருக்குல்ல? உன் கை பட்டாலே தனி," என்றாள் வெர்னா.

மூடி திறந்தபடி சிக்கிக்கொண்டது என்று நினைத்தேன். குழாயைப் பிரித்தேன், மோட்டாரை மாற்றினேன், ஒயரை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. அலமாரிக்குள் எட்டிப் பார்க்கலாமென்றால், வெர்னா தையல் மெஷினை அதற்கு நேர் எதிரே கொண்டுவந்து போட்டு, பகலெல்லாம் போர்வை தைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஆறுதல் சாப்பாடு. போன வருஷம் நான் ஐஸில் துளை போட்டுப் பிடித்த ஏரி மீன்கள் ஃப்ரீசரில் கேட்பாரற்றுக் கிடந்தன. இப்போது தினமும் ஒன்றை வறுத்தாள். மறுபடியும் என்னை மதிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று மனம் குளிர்ந்தது. அந்த மாடியில் வேறெதுவும் குளிரவில்லை.

கடைசியில் பக்கத்து வீட்டு ஆல்டனைக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் பனியைப் பற்றிப் பேசிவிட்டு டேம்பரைப் பார்த்தான்.

"இது நல்லாத்தான்யா இருக்கு."

"அப்புறம் ஏன் மூட மாட்டேங்குது?"

"மாடி குளுருதுன்னு யாரோ சொல்றாங்க. இது நம்பித் தொறக்குது. பாவம், அது மேல என்ன தப்பு?"

அன்று சாயங்காலம் வெர்னா பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பியதும் அலமாரிக்கு ஓடினேன். துண்டுகளை விலக்கினேன். என் தெர்மோஸ்டாட்டை முட்டிக்கொண்டு, கேக் தட்டில், செய்தித்தாளில் சுற்றிய ஒரு மீன். கல் மாதிரி உறைந்திருந்தது. மாடியே வெந்துகொண்டிருக்க, தெர்மோஸ்டாட் மட்டும் வடதுருவத்தில் இருந்தது.

"அதை அங்கயே வை, ஹால்வர். அது நாளைக்குச் சமையலுக்கு."

கோட்டோடு பின்னால் நின்றாள். பாட்டுப் பயிற்சி எதுவும் இல்லை.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"துண்டு மடிச்சு வைக்கறது யாரு, நீயா? சாயந்திரம் ஒண்ணை வைப்பேன், காலையில எடுத்து வறுப்பேன். வீணாக்கறதில்ல."

வெட்கம் பிடுங்கித் தின்றது. "சரி, நான் தோத்துட்டேன். சுவத்துப் பொட்டிக்கே ஒயர் குடுத்துடறேன்."

"வேணாம். மீன் நல்லாருக்கு."

"வெர்னா!"

"சர்ச் ஹாலுக்கும் நீதான் மாட்டப்போறியாம். எங்களுக்கும் பொம்மையான்னு பாதிரியார் வீட்டம்மா கேட்டா, நான் என்னன்னு சொல்லட்டும்?"

நான் வாயை மூடிக்கொண்டேன். மோட்டார் இல்லாமலே மூடியது.

"ஒரே ஒரு சங்கதி. ஃப்ரீசர் காலி. இதுதான் கடைசி மீன்." காபி ஃப்ளாஸ்க்கை என் கையில் திணித்தாள். தூண்டிலையும் எடுத்து வைத்திருந்தாள். "நாளைக்கு விடிஞ்சதும் கெளம்பு. பெருசாப் பாத்துப் புடி. சின்னது ராத்திரி பாதியிலயே உருகிடுது."

ஆகவே, இதை உங்களிடம் ஏரி நடுவில் ஐஸ் துளை முன்னால் உட்கார்ந்துதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மீசை உறைந்துவிட்டது, வேர்வை என்ற பேச்சே இல்லை.