பட்டை போட்ட பந்து

உள்ளங்கை வியர்க்கிறவன் தவிர்க்கவேண்டிய காரியங்கள் சில உண்டு. புதிய மேனேஜருக்குக் கை கொடுக்கக் கூடாது. விருந்துக்குப் போன வீட்டில் கண்ணாடி டம்ளரைத் தூக்கக் கூடாது. பேஸ்பால் குழுவில் பந்தெறிகிற பிட்ச்சராகச் சேரவே கூடாது. முதல் இரண்டையும் நான் ஆக்லாந்துக்கு வந்த வருடமே செய்து முடித்துவிட்டேன். மூன்றாவதைக் காதலுக்காகச் செய்தேன்.

அப்போது நான் பென்ரோஸில் ஒரு பெரிய கிடங்கில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். அங்கே லாரிகளுக்குச் சரக்கு ஏற்றும் பிரிவுக்கு சூப்பர்வைசர் சுகந்தன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ரானுயியில் வீடு. நான் திருச்சிக்காரன். ஒரு பிறந்தநாள் விருந்தில் சுகந்தனின் தங்கை வாசுகியைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ். சில மாதங்களில் அவளுக்கும் என்னைப் பிடித்துப்போனது (ஏன் என்று இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் யோசிக்க ஆரம்பித்துவிடுவாள்).

அப்பா இல்லாத வீடு. அம்மா சொல்வதுதான் முடிவு. அன்ரி என்று நான் அழைத்த அந்த அம்மாவுக்கு என்மேல் கோபமெல்லாம் இல்லை. அவருடைய சங்கடம் ஒன்றே ஒன்றுதான். என்னைத் தெரிந்தவர்கள் என்று இந்த ஊரில் யாரும் இல்லை. “ஆளைத் தெரியாமல் எப்பிடிப் பிள்ளையைக் குடுக்கிறது?” என்று வாசுகியிடம் கேட்டிருக்கிறார். இதற்கிடையில் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பாட்டனி டவுன்ஸிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை கணக்காளர். சொந்த வீடு. அவருடைய அம்மாவும் அன்ரியும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். என்னிடம் இருந்தது நான்கு பேரோடு பகிர்ந்துகொண்ட ஃபிளாட்டில் ஜன்னல் சரியாக மூடாத ஓர் அறை.

இந்த நேரத்தில்தான் சுகந்தன் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடும் பேஸ்பால் குழுவின் பிட்ச்சர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். (இந்த நாட்டில் யாராவது ஒரு வேலையை நன்றாகச் செய்தால் அவர் அடுத்த வருடம் பிரிஸ்பேனில் இருப்பார்.) மைதானத்து நடுவில் இருக்கும் மண்மேட்டில் நின்று பந்தெறிந்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்க ஓர் ஆள் வேண்டும். ஸ்டார்ட்டிங் பிட்ச்சர் என்று பெயர். எனக்கு கிரிக்கெட் பந்து வீசத் தெரியுமா என்று சுகந்தன் கேட்டார். கல்லூரிக் குழுவுக்கே வீசியிருக்கிறேன் என்றேன். உண்மையில் கல்லூரி ஹாஸ்டல் மொட்டைமாடியில் வீசியிருக்கிறேன். “அப்ப காணும் மச்சான்” என்றார் அவர். (காணும் என்றால் போதும்.) அவர் வாயால் மச்சான் என்று கேட்டதும் எனக்குக் கல்யாணமே முடிந்ததுபோல் இருந்தது. இலங்கைக்காரர்கள் தங்களோடு வேலை செய்கிற எல்லோரையுமே அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது தெரியாமல் ஒரு வாரம் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

சுகந்தன்தான் கேட்ச்சர். அதாவது, அடிப்பவருக்குப் பின்னால் முகமூடி போட்டுக் குந்திக்கொண்டு நான் எறிகிற பந்தைப் பிடிப்பவர். பெண்ணின் அண்ணனை நோக்கி முழு வேகத்தில் பந்தை எறிந்துதான் நான் அந்தக் குடும்பத்தில் நல்ல பெயர் எடுக்கவேண்டும் என்று விதி இருந்தது. அன்ரியும் எல்லா ஆட்டத்துக்கும் வருவார். மகன் மூஞ்சியில் பந்து பட்டுவிடுமோ என்ற பயத்தில் மடக்கு நாற்காலியும் குடையுமாக வந்து உட்காருவார். பந்து யார் கையிலிருந்து வருகிறது என்பதையும் கவனிப்பார்.

முதல் ஆட்டத்தில் நான் மேட்டிலிருந்து பத்தடி பின்னால் போய், அங்கிருந்து ஓடிவந்து எறிந்தேன். அப்படி ஓடக் கூடாதாம். நின்ற இடத்தில் நின்று எறிய வேண்டுமாம். நின்று எறிந்தேன். பந்து தரையில் குத்தி எழுந்து சுகந்தனின் முழங்காலைத் தேடிப் போனது. குத்தவும் கூடாதாம். பிறகு ஒரு பந்து அடிக்க நின்றவரின் காலில் நேராகப் பட்டது. நான் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நடுவரைப் பார்த்து அவுட் கேட்டேன். நடுவர், உயரமான பள்ளிக்கூட வாத்தியார், பெயர் டெரக். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடிபட்டவரை முதல் பேஸுக்குப் போகச் சொன்னார். பேஸ்பாலில் அது பரிசு. நான் அன்று நிறைய பரிசு கொடுத்தேன்.

அடுத்த ஆட்டத்தில் விதிகள் தெரிந்துவிட்டன. அதனால் தோற்றதற்குச் சாக்கு இல்லாமல் போயிற்று. கை வியர்த்துக் கொட்டியது. பந்து மீன் மாதிரி வழுக்கியது. ஒரு பந்தை எறிவதற்குள் ஏழு முறை கையைக் கால்சட்டையில் துடைத்தேன். கை காயவென்றே மேட்டில் ஒரு சின்னப் பொடிமூட்டை கிடக்கும், எல்லா பிட்ச்சர்களும் அதைத்தான் தட்டிக்கொள்வார்கள். அது மேட்டுக்கு ஏதோ பாரம் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் தொடவே இல்லை. யாரையும் கேட்கவும் இல்லை.

அன்ரி நான் துடைப்பதைப் பார்த்துப் பயம் என்று முடிவு செய்துவிட்டார். மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, கைப்பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்தார். கோயில் விபூதி. ஒரு கீற்று என் நெற்றியில் பூசிவிட்டு மிச்சத்தை என் கையில் வைத்தார்.

“பொக்கட்டுக்குள்ள வைச்சிரும் தம்பி. ஒண்டுக்கும் பயப்பிடாதேயும்.”

பையில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் பக்தியோடு பைக்குள் விரலை விட்டுத் தொட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு நடந்தது எனக்கே விளங்கவில்லை. சுகந்தன் கையுறையை எங்கே வைத்தாரோ அங்கே பந்து போய் உட்கார்ந்தது. அடிக்க வந்தவர்கள் காற்றை அடித்துவிட்டுப் போனார்கள். அன்று மாலை ரானுயி வீட்டில் எனக்கு முதல்முறையாகத் தேநீர் கிடைத்தது.

அதற்கடுத்த வாரம் பொட்டலத்தை வேறு கால்சட்டையில் விட்டுவிட்டு வந்தேன். எறிந்த பந்துகளில் ஒன்று பக்கத்து மைதானத்துக் கால்பந்து ஆட்டத்தில் கலந்துகொண்டது. தேநீர் இல்லை. மறுவாரம் பொட்டலம் இருந்தது, தேநீரோடு கேக்கும் இருந்தது. அந்த சீசன் முழுக்க இப்படித்தான் போயிற்று. ஒரு வாரம் நான் குழுவின் நம்பிக்கை, அடுத்த வாரம் குழுவின் கவலை. சுகந்தன் என் தோள்பட்டையைச் சந்தேகப்பட்டார், பிறகு தூக்கத்தை, பிறகு நான் ஆட்டத்துக்கு முன் சாப்பிடும் சாம்பார் சாதத்தை. நான் கடவுள் என்று நினைத்தேன். கடவுளுக்கு என் காதலில் இவ்வளவு அக்கறையா என்று அப்போதெல்லாம் நெகிழ்ந்துபோவேன்.

சீசனின் கடைசி ஆட்டம் வந்தது. பாட்டனி டவுன்ஸ் வீட்டுக்கு அன்று சாயங்காலம் பதில் சொல்வதாக அன்ரி வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று வாசுகி காலையில் போன் செய்தாள். அம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றாள். “இண்டைக்கு ஒழுங்கா எறியுங்கோ” என்றாள். எனக்குக் கை மட்டுமல்ல, கால் பாதமும் வியர்க்கத் தொடங்கியது. அவளை இழந்துவிடுவேன் என்று உண்மையாகவே பயந்தேன்.

அன்று விபூதியைத் தாராளமாகக் கொண்டுபோனேன். பொட்டலம் போதாது என்று ஒரு பிளாஸ்டிக் கவர் நிறைய.

ஆட்டம் நன்றாகத்தான் தொடங்கியது. பந்து கையுறையில் விழும்போதெல்லாம் வெள்ளையாக ஒரு புகை கிளம்பியது. சுகந்தன் அதை என் வேகம் என்று நினைத்தாராம். பிறகு தூறல் போட்டது. ஆக்லாந்து தூறல், வருவதும் தெரியாது நிற்பதும் தெரியாது. ஆட்டத்தை நிறுத்துகிற அளவுக்கு இல்லை, விபூதியைக் குழைக்கிற அளவுக்கு இருந்தது. நான் மூன்று விரலால் தொட்டு மூன்று விரலால் பந்தைப் பிடித்து எறிந்தேன். அடிக்க நின்றவர் பந்தைப் பார்த்தார். மட்டையைக் கீழே வைத்தார். டெரக்கிடம் ஏதோ சொன்னார்.

டெரக் பந்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பந்து பட்டை போட்டுக்கொண்டிருந்தது. மூன்று கோடு, சுத்தமாக, சிவராத்திரிக்குப் போகிற மாதிரி.

மேட்டுக்கு வந்து என் பையைக் காலி செய்யச் சொன்னார். கவரை நீட்டினேன். இது என்ன என்றார். சாம்பல் என்றேன். எதன் சாம்பல் என்றார். இந்த இடத்தில் புத்தியுள்ளவன் கோயில் என்று சொல்லி நிறுத்தியிருப்பான். எனக்குப் பதற்றத்தில் உண்மைதான் வரும். மாட்டுச் சாணம் என்றேன். டெரக் பந்தை விரல் நுனிக்கு மாற்றிக்கொண்டார்.

பந்தில் எதையும் தடவுவது குற்றம், உடனே வெளியேற வேண்டும், மைதானம் கண்ணில் படாத தூரத்துக்குப் போக வேண்டும் என்று விளக்கினார். சொல்லிவிட்டுக் கவரைத் தலைகீழாகப் பிடித்துப் புல்லில் கொட்டத் தொடங்கினார்.

அப்போதுதான் ஓரத்திலிருந்து நாற்காலி கவிழ்கிற சத்தம் கேட்டது. அன்ரி குடையோடு மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தார். கால் மிதிபடுகிற இடத்தில் விபூதி விழுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. டெரக்கின் கையிலிருந்து கவரைப் பறித்து மிச்சத்தைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். டெரக் மரியாதையான மனிதர். ஆட்டக்காரர்களைத் தவிர வேறு யாரும் உள்ளே வரக்கூடாது, நீங்கள் யார் என்று கேட்டார்.

அன்ரி என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“ஐ ஆம் ஹிஸ் மதர்-இன்-லா” என்றார்.

சுகந்தன் முகமூடியைக் கழற்றினார். ஓரத்தில் வாசுகி எழுந்து நின்றாள். டெரக்குக்கு இதில் எந்த விசேஷமும் தெரியவில்லை. கையை நீட்டிக் கார் நிறுத்தும் இடத்தைக் காட்டினார். இரண்டு பேருக்கும் சேர்த்து.

அன்ரியின் காரில் போய் உட்கார்ந்தோம். கண்ணாடியில் தூறல். அவர் ஒரு கையில் விபூதியை மூடிப் பிடித்திருந்தார், மறுகையால் பின்சீட்டிலிருந்து டப்பாவை எடுத்து உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த பற்றிஸ் ஒன்றை எனக்குக் கொடுத்தார். சாப்பிட்டேன். ஊரில் என் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டார். சொன்னேன். அவர் கதைக்கக் கதைக்க நானும் பேசிக்கொண்டே போனேன். தங்கை கல்யாணம், அப்பாவின் சர்க்கரை, ஃபிளாட்டில் மூடாத ஜன்னல், இன்று காலையிலிருந்து இருந்த பயம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாசுகி இல்லாமல் என்னால் முடியாது அன்ரி என்று சொல்லும்போது வாயில் பற்றிஸ் இருந்தது. அழுகையும் வந்தது. அந்த நிலையில் மனிதன் பார்க்க நன்றாக இருப்பதில்லை.

அவர் போனை எடுத்தார். பாட்டனி டவுன்ஸுக்குத்தான் பேசினார். பள்ளிக்கூடத் தோழியிடம் மிகத் தன்மையாக, மகளுக்கு வேறு இடத்தில் ஒழுங்காகிவிட்டது, குறை நினைக்க வேண்டாம் என்றார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். முகத்தில் பெரிய சந்தோஷம் எதுவும் இல்லை.

“திருநீறைக் கையில வைச்சுக்கொண்டு மாமி எண்டு சொல்லிப்போட்டன் தம்பி. அது பொய்யாப் போகக்கூடாது.”

இப்படித்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. நான் வெளியேறிய பிறகு மேட்டில் ஏறியது, எங்கள் குழுவில் அதுவரை மூலையில் சும்மா நின்றுகொண்டிருந்த ஒரு பேக்கரிக்காரர். அவர் முதலில் செய்தது அந்தப் பொடிமூட்டையைத் தட்டிக்கொண்டதாம். நாங்கள் வென்றோம். காரணம் கடவுளும் இல்லை தோள்பட்டையும் இல்லை, கை வியர்வைதான், விபூதி அதை உலர்த்தியிருக்கிறது என்று வாசுகி அன்றே சொல்லிவிட்டாள். நர்ஸ்.

கல்யாணத்தில் ஐயர் விபூதித் தட்டை நீட்டியபோது, மணவறையில் நின்ற சுகந்தன் சபை பார்க்க என் கையைத் திருப்பிப் பரிசோதித்தார். சிரிப்பு அடங்கும்வரை நாதஸ்வரக்காரர் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றும் கோயிலில் எனக்கு விபூதி கொடுக்கும்போது யாராவது ஒருவர் “பொக்கட்டைப் பாருங்கோ” என்கிறார். எங்கள் மகளுக்கு எட்டு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், இந்தக் கதையை மட்டும் தமிழில் சொல்வாள்.

மாமி இப்போது எங்களோடுதான் இருக்கிறார். வாசுகிக்கு என்மேல் கோபம் வந்தால் கத்துவதில்லை. டெரக் மாதிரியே கையை நீட்டி கராஜைக் காட்டுவாள். நான் போய்க் காரில் உட்கார்ந்துகொள்வேன். போன வாரமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபக்கக் கதவு திறந்தது. மாமி ஒரு தட்டில் சூடாகப் பற்றிஸ் வைத்துக்கொண்டு ஏறி, கதவைச் சாத்தினார்.

“உமக்காக ஒரு வார்த்தை கதைச்சன் தம்பி” என்றார். “என்னையும் அனுப்பிப்போட்டாள்.”