வாய் முளைத்த ரொட்டிப் பலகை

எலுமிச்சைச் சந்து, ஃபேஸ்.
பெருநாளுக்கு இன்னும் பதினேழு நாள்.

மரியாதைக்குரிய ஜவாத் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் இப்திஸாம் சலாம் சொல்லி எழுதுவது. நீங்களும் மாமியும் நலமாக இருக்க வேண்டும், மாமியின் இடுப்புவலி குறைந்திருக்க வேண்டும், காசாபிளாங்காவில் வெயில் உங்களைப் படுத்தாமல் இருக்க வேண்டும். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி வருவதை உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் எங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டே பெரிய பேச்சு பேசினீர்களே, நினைவிருக்கிறதா? பொருட்களெல்லாம் இணையத்தில் சேர்ந்து ஒன்றோடொன்று பேசும் காலம் வருகிறது, அப்போது மனிதர்களுக்குள் ஒளிவுமறைவு இருக்காது, ஒளிவுமறைவு இல்லாத சமூகத்தில் சண்டையே இருக்காது என்றீர்கள். நான் எட்டாவதோடு நின்றவள், கதவோரமாக நின்று கேட்டேன். அம்மா கைதட்டினாள். நீங்கள் உடனே எங்கள் ரொட்டிப் பலகையை வாங்கி அடியில் ஒரு பொத்தானை ஒட்டினீர்கள். அடுப்பிலிருந்து எத்தனை ரொட்டி கிளம்பியது, வீட்டுக்கு எத்தனை வந்தது என்று எடை பார்த்துச் சொல்லுமாம். யாருக்குச் சொல்லும் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. எல்லோருக்கும் சொல்லும் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள், சந்து முழுக்க மாவு கொண்டுபோய்ச் சுட்டுவரும் ஹம்முவின் அடுப்பில் வெந்த ஆறு ரொட்டிகளைப் பலகையில் வைத்துத் துணி போர்த்தித் தலையில் தூக்கிக்கொண்டு வந்தேன். வாசலில் கால் வைத்தேனோ இல்லையோ, சந்தில் இருக்கிற அத்தனை கைபேசியும் ஒன்றாகக் கூவியது: "இப்திஸாம் வீடு. ஆறில் ஒன்று வழியில் இழப்பு."

"வழியிலேயே தின்னுட்டியாடி?" என்றாள் அம்மா. நான் தரையைப் பார்த்தேன். எதிர்வீட்டு மஹ்ஜூபா ஜன்னலில் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு, "அவ எங்க திங்கப் போறா? தோல் பட்டறையில சுருட்டை முடியோட ஒருத்தன் இருக்கானே, அவன் கன்னத்தைப் பாரு, நல்லா உப்பிக்கிட்டு வருது!" என்றாள். அந்தச் சுருட்டை முடிக்காரன் முகத்தை நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை, மாமா. மூன்று நாள் இதே கதை. தினமும் ஒன்று இழப்பு, தினமும் மஹ்ஜூபா, தினமும் அவன் கன்னம்.

நான் வாய் திறந்திருக்கலாம். திறந்தால் லல்லா யாகூத்தின் பேர் வெளியே வரும். கணவர் போன பிறகு தையல் வேலையில் தனியாக வாழ்கிறவள். கேட்க மாட்டாள், பெருநாள் கறி தவிர எதைக் கொடுத்தாலும் வாங்கவும் மாட்டாள். அதனால் வரும் வழியில் அவள் வாசல் மாடத்தில் ஒரு ரொட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பேன். என் செருப்புச் சத்தம் மறைந்த பிறகு கதவு கிறீச்சிடும். இரண்டு வருஷமாக இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. சந்தில் பார்த்தால் அவள் என் கூந்தலைப் பற்றிப் பேசுவாள், நான் அவள் துளசிச் செடியைப் பற்றித் தலையாட்டுவேன்.

நான்காம் நாள் உங்கள் பொத்தான் இன்னும் புத்திசாலியானது. ரொட்டி எங்கே காணாமல் போனது என்று படம் போட்டுக் காட்டியது. சிவப்புப் புள்ளி. யாகூத்தின் வாசல். எல்லோர் கையிலும்.

அன்று மாலை போய்ப் பார்த்தேன். ரொட்டி மாடத்திலேயே இருந்தது. அடுத்த நாள் வைத்ததும் அப்படியே. எறும்பு ஊர்ந்தது, மாமா! அந்த வீட்டில் அடுப்புப் புகை வந்து எத்தனை நாளாயிற்றோ. அவள் பட்டினி கிடக்கிறாள், உங்கள் ஒளிவுமறைவு இல்லாத சமூகம் கைபேசியில் புள்ளி பார்க்கிறது. ஊரெல்லாம் வாயில்லாப் பூச்சி என்று என்னைச் சொல்லும். எனக்கு இல்லாத வாயை ஏன் ஒரு மரப்பலகைக்கு வைத்தீர்கள்? எதைச் சொல்லலாம், எதை விழுங்கலாம் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தீர்களா? நேற்று நடுச்சந்தில் நின்று அதைத் திட்டினேன். பதினேழு வயதில் நான் முதல்முதலாகச் சத்தமாகப் பேசியது ஒரு பலகையிடம். மஹ்ஜூபா பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

இதெல்லாம் போதாதென்று உங்கள் ஆள் இன்று காலை வந்து சந்தின் மற்ற பலகைகளிலும் பொத்தான் ஒட்டிவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமைக்குள் நீங்களே வந்து எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும். இல்லையென்றால் நான் கத்தியை எடுப்பேன். பலகை மேல்தான்.

உங்கள் மேசையில் என்றும் சூடான ரொட்டி இருக்கட்டும். அது யார் வீட்டு மாவு என்று எந்தக் கருவியும் கேட்காமல் இருக்கட்டும்.

கோபத்துடனும் மரியாதையுடனும்,
இப்திஸாம்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை பிடுங்க வேண்டாம். இதை மடித்து உறையில் போடும்போது சந்து முழுக்கக் கைபேசிகள் அலறின. பதினொரு வீடுகள், வீட்டுக்கு ஒரு ரொட்டி இழப்பு. பதினொன்றுக்கும் ஒரே சிவப்புப் புள்ளி! ஒருவருக்கொருவர் தெரியாமல் இத்தனை நாளாக வைத்து வந்திருக்கிறோம்: நான் மாடத்தில், ஒருத்தி பின் ஜன்னலில், ஒருத்தி கதவு வளையத்தில் பை மாட்டி. மஹ்ஜூபாவும்தான். எல்லோரும் யாகூத்தின் வாசலில் கூடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். அப்போது மொட்டைமாடியில் "மே" என்று சத்தம். கன்றுக்குட்டி அளவு கிடா!

"தினம் ஒண்ணு நான் தின்னேன், பத்து அவன் தின்னான்" என்றாள் யாகூத். "ஒவ்வொரு பெருநாளுக்கும் உங்க வீட்டுக் கறியையே வாங்கித் தின்னு தொண்டை அடைச்சுப் போச்சு. இந்த வருஷம் பதினொரு வீட்டுக்கும் நான் கொடுக்கணும்னு இருந்தேன். சொல்லாம கொடுக்கணும்னு இருந்தேன். படத்துல என் வாசல் வந்ததும், ரொட்டியைத் தேடி வர்றவங்க கிடாவைப் பார்த்துடுவாங்களே, ரொட்டி மாடத்துலயே கிடந்தா உள்ளே வர மாட்டாங்கன்னுதான் உன்னோடதை மட்டும் எடுக்கலை. எல்லாத்தையும் கெடுத்துட்டான் உன் மாமன்."

பிறகு என் காதருகே வந்தாள். கிடா அடிக்கடி பக்கத்து மாடிக்குத் தாவிவிடுகிறதாம். வரும்போது அதற்கு ஒரு பொத்தான் கொண்டு வாருங்கள். செய்தி அவள் கைபேசிக்கு மட்டும் போக வேண்டும். கெட்டியானதாக இருக்கட்டும், அவன் எதையும் தின்றுவிடுகிறான்.