ஆணி பிடிக்கும்வரை வாய் திறவேன்

வேங்கிக்கால்,
ஐப்பசி, 2004

மரியாதைக்குரிய மச்சான் அப்பாசாமி அவர்களுக்கு,

அண்ணாமலையார் பார்வையில் உங்கள் தங்கை கஸ்தூரியும் நானும் நலம். ஆரணியில் நீங்களும் சந்திரம்மாளும் நலமாயிருக்க வேண்டும். நீங்கள் போன் செய்தபோது நான் வெறுமனே 'ம்' கொட்டியதில் உங்களுக்கு மனவருத்தம் என்று கேள்விப்பட்டேன். திமிர் இல்லை மச்சான், கடைவாயில் புதுப்பல் கட்ட வைத்த ஆணி.

முதலில் வைத்த ஆணி வீணாய்ப் போனது உங்களுக்குத் தெரியும். "இது இரும்பில்லீங்க, டைட்டானியம். உங்க எலும்பே வளந்து வந்து கெட்டியா புடிச்சிக்கும், வாயை மட்டும் பாத்துக்கங்க"னு பல் டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். நான்தான் மூர்த்தி பெட்டிக்கடையில் ஊர்க்கதை பேசிக்கொண்டே, எதிர்க் கன்னம்தானே என்று புகையிலையை அடக்கினேன். ஈறுக்கு ரத்தம் வருவது கம்மியாகி, தையல் போட்ட சதை சேராமல் வீங்கி, ஆணி ஆடிக் கையோடு வந்துவிட்டது. தாடையில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் எலும்பு இருக்கிறது, இதுவும் போனால் கஞ்சிதான் என்றார் டாக்டர். இரண்டாவது ஆணி வைத்த அன்று நான் மரத்த வாயோடு கிறங்கிக் கிடக்க, பத்தியத்தைக் கஸ்தூரிதான் கேட்டு வந்து சொன்னாள். "புகையிலை வாணாம், முறுக்கு வாணாம், ஆணி புடிக்கிற வரிக்கும் பேசவே கூடாதாம்."

பேசாதவனுக்குப் பெட்டிக்கடையில் என்ன வேலை? மொட்டை மாடியில் படுத்து மலையைப் பார்த்தேன். மேகம் மலையைத் தொட்டுத் தொட்டுப் போகும். அவரைக்கொடி பந்தல்காலைச் சுற்றுவது போல என் எலும்பு அந்த ஆணியைச் சுற்றுகிறது என்று நினைத்துக்கொள்வேன், கண் சொருகும். பக்கத்தில் கஸ்தூரி கீரை ஆய்ந்தபடி பேசிக்கொண்டிருப்பாள். கல்யாணமான புதிதில் அவள் ஆரம்பித்து, நான் குறுக்கே புகுந்து கெடுத்த கதை, டூரிங் டாக்கீஸ்காரனோடு போன உங்கள் ஊர் எல்லம்மாள் கதை, இப்போதுதான் மச்சான் நகர்கிறது. பௌர்ணமிக்குக் கிரிவலம் போனபோதும் அதே கதைதான். அடி அண்ணாமலையில் கால் வலித்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். வாய் மூடி உட்கார்ந்தவன் நம்மூரில் சாமியார் ஆகாமல் தப்ப முடியுமா? ஒரு அம்மாள் காலில் விழுந்து, "சாமி, எம்பொண்ணுக்கு எப்போ கண்ணாலம் ஆவும்?" என்றாள். பதறிப்போய் ஒரு விரலால் கன்னத்தைக் காட்டினேன். "ஒரே மாசத்துல ஆவுமாம், கன்னத்துல போட்டுக்கச் சொல்றாரு!" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொள்ள, பின்னாலிருந்தவர்களும் போட்டுக்கொண்டார்கள். கஸ்தூரி அசராமல், "சாமி பேசாது, வழி வுடுங்க" என்றாள். வீடு திரும்ப மடி நிறைய வாழைப்பழம்.

நேற்று டாக்டர் தட்டிப் பார்த்து, ஈறு சுத்தமாய் ஆறி ஆணி பிடித்துவிட்டது என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கஸ்தூரி அப்போது வெளியே மருந்துக்கடையில் இருந்தாள். அவளிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். தைப்பொங்கல் வரை பேசாமலே இருக்கப்போகிறேன். எனக்கு அவள் பேச்சைக் கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டில் எல்லார் பல்லும் கெட்டியாயிருக்க அண்ணாமலையாரை வேண்டும்,
இருசப்பன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் கஸ்தூரி இதைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். "பேசக்கூடாதுனு டாக்டர் சொல்லவே இல்லீங்க. புகையிலை மட்டும்தான். பேச்சு இருந்தா நீங்க மூர்த்தி கடையிலதான் நிப்பீங்க, அதான் நானே சேத்துட்டேன்" என்கிறாள். இத்தனை நாள் ஏமாந்ததற்கு நறுக்கென்று நாலு கேட்க வாயைத் திறந்தேன். அவள் எல்லம்மாள் கதையில் விட்ட இடத்தைப் பிடித்துவிட்டாள். மூடிக்கொண்டேன்.