ஆறு பேத்தையும் ஒரு வாளி நத்தையும்

கல்யாணமாகி ஒன்பதாம் வருடத்தில் இனாஸ் ஒரு மாபெரும் முடிவெடுத்தான். சாயங்கால அஸர் தொழுகைக்கும் இரவு இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம் இனித் தன்னுடையது. யாரும் கேள்வி கேட்கக்கூடாது. முடிவு நல்ல முடிவுதான். அதை மனைவி ஷிஹாராவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

எல்லாம் கெரம் போர்ட் படுத்திய பாடு. கடலேரிக் களப்போரத்தில் ஹில்மியின் படகு என்ஜின் திருத்தும் கொட்டிலில் இனாஸோடு சேர்த்து நாலு கூட்டாளிகள் தினமும் கெரம் அடிப்பார்கள். விருந்தாளிகளை வீட்டில் உட்கார்த்திவிட்டுப் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன இனாஸ், ஒருநாள் இஷாவுக்குப் பிறகு பாணோடு திரும்பினான். அன்றோடு ஷிஹாரா தடை போட்டுவிட்டாள். நாலு மணிக்கு உப்பளத்திலிருந்து வந்தால் வந்ததுதான், பிறகு படி இறங்கக்கூடாது. கெரம் இல்லாத ஒரு மாலை அவனுக்கு ஒரு வருடம் போல் நீண்டது.

கத்தாருக்குப் போன மச்சினன் விட்டுப்போன மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஹோலில் சும்மா கிடந்தது. அதற்குத் தங்கமீன் வாங்கலாம் என்றாள் ஷிஹாரா. இனாஸ் மூன்று நாள் போனில் படித்துவிட்டு, பயந்தால் பந்துபோல ஊதிக்கொள்ளும் பேத்தை மீன்தான் வாங்கவேண்டும் என்றான்.

"பேத்தையா? எங்கட வாப்பா வலையில பட்டா கரையில வீசிட்டு வாற சாமான். அதப் போய் வீட்டுல வெச்சுப் பாக்கப் போறீங்களா?"

"அது உப்புத்தண்ணிப் பேத்தை. இது நல்லதண்ணிப் பேத்தை. வேற சாதி."

"உங்கட விருப்பம்."

ஷிஹாரா இப்படிச் சொன்னால் இனாஸுக்கு வழக்கமாக இரண்டு நாள் சோறு இறங்காது. இந்த முறை சந்தோஷத்தில் அதைக் கவனிக்கவில்லை.

இருவரும் சிலாபத்தில் கில்பட்டின் மீன் கடைக்குப் போனார்கள். கில்பட் நேர்மையானவர், வியாபாரத்துக்கு அது பெரிய இடைஞ்சல். இனாஸ் ஆசைப்பட்ட கோடு போட்ட பேத்தையைத் தரவே மாட்டேன் என்றார். ஒன்றரை அடி வளருமாம், வளர்ந்தபின் அந்தத் தொட்டிக்குள் திரும்பக்கூட முடியாதாம். அடுத்து பச்சைப் புள்ளிக்காரன். குஞ்சில் நல்ல தண்ணீரில் இருப்பான், வளர வளர உப்புக் கேட்பான். பகல் முழுக்க உப்போடு மாரடிக்கிற இனாஸுக்கு வீட்டிலும் உப்புக் கரைக்க மனமில்லை. கடைசியில் கடலைப் பருமனில் ஒரு குட்டிப் பேத்தையைக் காட்டினார். மூன்றடித் தொட்டிக்கு ஆறு விடலாம், ஒளிந்து விளையாடச் செடி நிறைய வேண்டும், வேறு மீன் சேர்த்தால் வாலைக் கடித்துவைக்கும்.

இதெல்லாம் இனாஸின் காதில் ஏறவில்லை. "என்ன திங்கும்?" என்றான்.

"உசிரோட இருக்கிறதத்தான் திங்கும். சின்ன நத்தை எண்டா விடாது. உருண்டைத் தீனியத் திரும்பியும் பாக்காது. ஒண்டும் கிடைக்காட்டி ஐஸ் போட்ட புழு..."

இனாஸ் அவர் கையை இறுக்கிப் பிடித்தான். புழு ஃபிரிட்ஜில் இருந்தால் அவன் எதற்கு வெளியே போவது? நல்லவேளை, ஷிஹாரா அந்தப் பக்கம் தங்கமீன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளிலிருந்து அஸர் தொழுததும் வாளியைத் தூக்கினான். நுரைச்சோலைத் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் நத்தை பொறுக்கப் பத்து நிமிடம், மிச்சமெல்லாம் கெரம். இஷாவுக்குப் பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, இன்றைக்கு நத்தை கிடைப்பதே பெரும் பாடாகிவிட்டது என்பான். ஷிஹாரா பாவப்பட்டு இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுப்பாள். அதைக் குடிக்கும்போது அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். கொஞ்சம்தான்.

இந்த மூளையைக் கூட்டாளிகள் மூவரும் மெச்சினார்கள். அவர்கள் வீட்டிலும் இதே தகராறுதான். இரண்டு கிழமைக்குள் ஹில்மி, அஸ்ஜத், முஹ்ஸின் மூவரும் சிலாபம் போய் ஆளுக்கு ஆறு பேத்தையோடு வந்தார்கள். வெளியே நாலு வாளி வரிசையாக நிற்க, கொட்டிலுக்குள் கெரம் ஜோராக நடந்தது.

ஒன்றரை மாதம் ஓடியது. ஒருநாள் அஸருக்குப் பிறகு இனாஸ் தேடினால் வாளியைக் காணவில்லை. குசினிக்குப் பின்னால் இரண்டு பெரிய பேசின்களுக்கு நடுவில் ஷிஹாரா குந்தியிருந்தாள். பேசின் முழுக்க நத்தை. முட்டைக்கோவா இலையில் அப்பிக்கொண்டும் விளிம்பில் ஊர்ந்துகொண்டும் ஆயிரத்துக்குக் குறையாது.

"நீங்க கொண்டாந்ததுல நாலஞ்ச எடுத்து விட்டேன். கோவா எல போட்டா தானாப் பெருகும் எண்டு கில்பட் அண்ணன்தான் சொன்னவர். நீங்களும் பாவம், நாளாந்தம் இஷா மட்டுக்கும் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கிறீங்க."

இனாஸ் பேசினுக்குப் பக்கத்தில் குந்தினான். "அவர் எப்ப சொன்னவர்?"

"அண்டைக்கேதான். நீங்க அவருட கைய விட்டதுக்குப் பொறகு."

தோட்டத்து நத்தைக்குத்தான் ஓடு கனம், வளர்ந்துகொண்டே போகும் பேத்தைப் பல் தேய அது கட்டாயம் வேண்டும் என்று இனாஸ் மெல்ல ஆரம்பித்தான். இதுவும் அதே நத்தையின் பிள்ளைகள்தானே என்று ஷிஹாரா முடித்துவைத்தாள். பிறகு கையைக் கழுவி, ஹபாயாவை மாட்டிக்கொண்டு, ஹில்மியின் மனைவி றுமைஸா வீட்டுக்குப் போய்வருவதாகச் சொன்னாள். அஸருக்குப் பிறகு நத்தைக்கு ஆள் வரும், போத்தலுக்கு இருபது நத்தை போட்டுக் கொடுக்கவேண்டும், இனி இது நாளாந்த வேலை என்றாள்.

இனாஸ் கேற்றைத் திறந்தான். ஹில்மியும் அஸ்ஜத்தும் முஹ்ஸினும் ஆளுக்கொரு வெறும் ஜேம் போத்தலோடு நின்றார்கள். முஹ்ஸினின் இடுப்பில் அவன் கடைக்குட்டி அழுதுகொண்டிருந்தது.

"மச்சான், ஷிஹாராவ கெதியா அனுப்பு," என்றான் ஹில்மி. "மத்த மூணு பொஞ்சாதிமாரும் எங்கட வீட்டுல நம்மட கெரம் போர்டுக்குப் பவுடர் போட்டுட்டுக் காத்துக்கிட்டிரிக்காங்க."